கருப்பில் மஞ்சள் எழுத்து

மார்ச் 1, 2004. திங்கள்

காலையிலேயே வெயில். பொம்மனஹள்ளி சிக்னலில் தூசி, லாரி, மறுபடி தூசி. ஆபீஸ் பஸ் லேட்.

செய்ய வேண்டியவை:
– தண்ணி லாரிக்காரருக்கு போன்
– ஹால் ஃபேன் ரெகுலேட்டர்
– ரேவதி செருப்பு, வார் தைக்க
– கலர் ஃபைலுக்கு ஒரு முடிவு!!

கடைசியானதுதான் தலைபோகிற வேலை. இன்றைக்கும் அதே கூத்து. காலையில் டீம் மொத்தமும், எல்லாரும் எழுதும் புரோக்ராம் கோடு சேர்த்துவைக்கிற ரெப்பாசிட்டரியிலிருந்து புதுசை இறக்கினோம். இறக்கிய கையோடு எல்லார் ஸ்க்ரீனும் கன்னங்கரேல். கருப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, ஒவ்வொன்றும் புளியங்கொட்டை சைஸ். "பேய் வந்துடுச்சு டோய்" என்று பின்வரிசையில் ஒரே சிரிப்பு. யாரோ தன் எடிட்டர் செட்டிங்ஸ் ஃபைலையும் கோடோடு சேர்த்துப் பொது இடத்தில் ஏற்றிவிடுகிறார்கள். நாம் இறக்கும்போது அது நம் செட்டிங்ஸ் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பழையபடி மாற்ற ஆளுக்குப் பத்து நிமிஷம். போன வாரமும் இப்படித்தான், அதற்கு முந்தின வாரமும்.

வீட்டில் மனைவியிடம் புலம்பினேன். ரேவதிக்குப் புரியவில்லை. "ஹாஸ்டல்ல பொது அலமாரி இருக்கு. அதுல எல்லாரும் புஸ்தகம் வைக்கிறாங்க. ஒருத்தன் மட்டும் தன் பல் தேய்க்கிற பிரஷ்ஷக் கொண்டுவந்து வெச்சா எப்படி இருக்கும்?" என்றேன்.

"பாவம், வைக்க வேற எடம் இல்லயோ என்னவோ" என்றாள்.

இவளிடம் போய்ச் சொன்னேனே.

மார்ச் 2. செவ்வாய்

லாரி வரவில்லை. ரெகுலேட்டரும் வாங்கவில்லை.

ஃபைல் ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. ரெப்பாசிட்டரியில் யார் எதை ஏற்றினார்கள் என்று பெயரோடு தெரியும். எனக்குத்தான் பார்க்கச் சோம்பல். பத்மா. ஆறு மாச ப்ரொபேஷனில் இருக்கும் பெண். ஊருக்கு வெளியே சந்தாபுராவிலிருந்து வருகிறாள், பேச்சில் கன்னடம் எட்டிப்பார்க்கும். நல்ல கோடு எழுதுவாள், வாய் கொஞ்சம் நீளம். இவளா என்று ஆச்சரியம்தான்.

ஃபைலை ரெப்பாசிட்டரியிலிருந்து நீக்கினேன். இனி யார் ஏற்றினாலும் சேராதபடி இக்னோர் லிஸ்டிலும் போட்டேன். அடுத்த தடவை அப்டேட் எடுக்கிற எல்லார் மெஷினிலிருந்தும் அது தானாகவே போய்விடும். துடைத்துப்போட்ட மாதிரி. என் கைக்கு அப்படி ஒரு நிம்மதி.

பிறகு டீம் லீட் என்கிற முறையில் மொத்த டீமுக்கும் ஒரு மெயில். சாரம்: கோடு மட்டும் பொது. அவரவர் செட்டிங்ஸ் அவரவர் மெஷினோடு. சொந்தச் சாமானைக் கடைத்தெருவில் பரப்ப வேண்டாம். பத்மா கவனிக்கவும். கடைசியில் ஒரு சிரிப்பு பொம்மை.

காப்பி: மேனேஜர் கிரீஷ். அடுத்த வாரம் ஆடிட் வருகிறது, நான் சும்மா இல்லை என்று அவருக்கும் தெரிய வேண்டுமே.

பத்மாவின் பதில் ஒரே வரி. "சரி சார்." வாய் நீளமான பெண்ணிடமிருந்து இரண்டு வார்த்தை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 4. வியாழன்

மேகம், ஆனால் மழை இல்லை. புழுக்கம்.

நேற்று லீவில் இருந்தபோது சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கிவைத்தேன். இன்றைக்குக் காலை சாம்பாரில் சாம்பார் பொடிக்குப் பதில் மிளகாய்ப் பொடி. ரேவதி பார்த்துப் போடுவதில்லை, கை போகிற இடத்தில் எடுக்கிறாள். நான் என்ன செய்ய? டப்பாமேல் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறதே. "அடுத்தவங்க சாமானப் பாத்தாலே உங்களுக்குக் கை அரிக்குது" என்றாள். டிபன் பாக்ஸில் தயிர்சாதம் மட்டும்.

ஆபீஸ். டெஸ்டிங்கில் ஒரு பெரிய தப்பு மாட்டியது. கணக்கை மூடிவிட்டுப் போனவர்களுக்கெல்லாம் நினைவூட்டல் கடிதம் போகிறது, கணக்கு இருப்பவர்களுக்குப் போகவில்லை. நிபந்தனைக்கு முன்னால் 'இல்லை' என்று அர்த்தம் தருகிற ஒரு சின்னக் குறி விட்டுப்போயிருக்கிறது. பத்மா எழுதிய இடம். அவள் இப்படித் தப்பு விடுகிற ஆளே இல்லை.

போய்ப் பார்த்தேன். மூக்கு ஸ்க்ரீனில் இடிக்கிற தூரம். வெயிலில் பஸ் போர்டு படிப்பவர்கள் மாதிரி நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னாச்சு பத்மா?"

"ஸ்வல்ப தலைவலி சார், கொஞ்சந்தான். சரியாயிடும்."

வெள்ளை ஸ்க்ரீன். எல்லாரையும் போல.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஏதோ ஒன்று உறுத்தியது. என்ன என்று யோசிக்க இஷ்டமில்லை.

மார்ச் 5. வெள்ளி

விடியற்காலையே தண்ணி லாரி வந்து ஹாரன் அடித்து எழுப்பிவிட்டது. தூக்கம் போயிற்று. முதல் பஸ்ஸிலேயே ஆபீஸ்.

மாடியில் ஒரே ஒரு லைட். பத்மா. சந்தாபுராவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினாளோ. ஸ்க்ரீன் பாதி கருப்பு, பாதி வெள்ளை. எடிட்டரில் ஒவ்வொரு கலராக மாற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரு மெனு, உள்ளே ஒரு மெனு, அதற்குள் இன்னொன்று. கண்ணை இடுக்கி, விரலால் ஸ்க்ரீனைத் தொட்டுத் தொட்டு.

என்னைப் பார்த்ததும் கையை எடுத்தாள். மூடவெல்லாம் இல்லை. "பாத்துட்டீங்கல்ல. உக்காருங்க" என்றாள்.

அவள் சொன்னது, முடிந்தவரை அவள் வார்த்தையில்:

"ரெட்டினால பிரச்சினை சார். வெள்ளை வெளிச்சத்துல எழுத்து கரைஞ்சு போயிடும், பால்ல சக்கரை மாதிரி. கருப்புல மஞ்சளாப் பெருசா இருந்தா உங்க எல்லாரையும் விட வேகமாப் படிப்பேன். டாக்டர், இப்படியே ரொம்ப வருஷம் ஓடும்னாரு. முன்னாடி ரெண்டு இன்டர்வியூல உண்மையச் சொன்னேன். சொல்லி அனுப்புறோம்னாங்க. இன்னும் சொல்லி அனுப்பிட்டே இருக்காங்க. இங்க சொல்லல."

"அதுக்கு ஏன் அதை ரெப்பாசிட்டரில..."

"வேற எங்க வெப்பேன்? ப்ரொபேஷன்ல இருக்குறவங்களுக்கு தினமும் வேற சீட்டு, வேற மெஷினு. ரெண்டு ஷிஃப்டுக்கு ஒரே கம்ப்யூட்டரு. ஃப்ளாப்பி டிரைவைப் பூட்டி வெச்சிருக்கீங்க. சொந்த மெயில் தொறக்காது. எந்த சீட்ல உக்காந்தாலும் வர்றது அந்தக் கோடு ஒண்ணுதான். அதோட சேத்து விட்டேன். உங்களுக்கெல்லாம் கருப்பாவும்னு தெரியும். திட்டு வாங்கிக்கலாம்னு இருந்தேன்."

இவ்வளவு நாள் அந்த ஃபைல் ஒரு அலட்சியம் என்று நினைத்தேன். அது அவளுடைய கண்ணாடி. அதைத்தான் துடைத்துப்போட்டுவிட்டு நிம்மதி என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

இதற்கு வழி ரொம்பச் சுலபம். ரெப்பாசிட்டரியின் ஒரு மூலையில் அவள் பெயரில் ஒரு ஃபோல்டர், அதில் அந்த ஃபைல். காலையில் வந்ததும் அவள் மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்வாள். யாருக்கும் கருப்பாகாது. அஞ்சு நிமிஷ வேலை.

செய்தேனா? இல்லை. செவ்வாய்க்கிழமை ஆடிட். "ரெப்பாசிட்டரியில் தனிநபர் ஃபைல் ஒன்றுகூட இல்லை" என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "ஆடிட் முடியட்டும் பத்மா, மறுநாளே பண்ணிடறேன்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

"சார், ஒண்ணு மட்டும். யாருக்கும் சொல்லாதீங்க. கன்ஃபர்மேஷன் வர்ற வரைக்கும்."

"சத்தியமா" என்றேன். கையை வேறு நீட்டினேன்.

மார்ச் 7. ஞாயிறு

ரெகுலேட்டர் மாற்றினேன். மூன்றில் வைத்தாலும் ஒன்றில் வைத்தாலும் ஒரே வேகம். ஏமாற்றிவிட்டான்.

துணி மடித்துக்கொண்டே ரேவதியிடம் பத்மா கதை முழுவதும் சொன்னேன். மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும், "யாருக்கும் சொல்லாதீங்கன்னுதான அந்தப் பொண்ணு கேட்டுச்சு?"

"ஆமா."

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"நீ என்ன ஆபீஸா?"

"நான் ஆபீஸ் இல்ல. ஆனா நீங்க சொல்லிட்டீங்கல்ல."

கோபம் வந்தது. பனியன்களைக் கலர்வாரியாக அடுக்கினேன். அப்புறம் அதையும் கலைத்துவிட்டேன்.

மார்ச் 9. செவ்வாய்

நல்ல வெயில். ஆடிட்டர் இரண்டு பேர், டை கட்டிக்கொண்டு. மதியம் பிரியாணி வரவழைத்தோம்.

ரெப்பாசிட்டரியைத் திறந்து காட்டினேன். பளிங்கு மாதிரி இருந்தது. மற்ற ப்ராஜெக்ட்களுக்கு இதை மாதிரியாகக் காட்டலாம் என்றார்கள். கிரீஷ் முதுகில் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். அந்த நேரம் பத்மா எதிர்வரிசையில் நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 10. புதன்

மறுநாளே என்று சொன்ன மறுநாள் இன்றுதான். காலையில் ஃபோல்டர் போடலாம் என்று உட்கார்ந்தேன். கிரீஷ் கூப்பிட்டுவிட்டார். கன்ஃபர்மேஷன் பேச.

கிரீஷ் கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். குரல் உயராத மனுஷன். வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். ஓகே, ஓகே, ஓகே. பத்மா பெயர் வந்ததும் நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணு பேடா, வேண்டாம் குமரேசன். இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம். ஒரு வாரமா ஸ்லோ. அந்த லெட்டர் விஷயம் கிளையன்ட் வரைக்கும் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? அதுக்கும் மேல, ரூல்ஸ மதிக்கிறதில்லன்னு நீங்களே மெயில் போட்டிருக்கீங்க."

என் மெயிலை ஸ்க்ரீனில் திறந்து வைத்திருந்தார். கடைசியில் என் சிரிப்பு பொம்மை இளித்துக்கொண்டிருந்தது.

என்ன சொல்லியிருக்கலாம்? இப்போது வரிசையாகத் தோன்றுகிறது. மெயில் அவசரத்தில் போட்டது, வாபஸ். அந்தத் தப்பு ரிவ்யூவில் நான் பிடித்திருக்க வேண்டியது, என் மேல் எழுதுங்கள். அவள் இல்லாமல் ப்ராஜெக்ட் நகராது. அப்போது வாயில் வந்தது இதுதான்:

"கிரீஷ், அவங்களுக்குக் கண்ணு சரியில்ல."

முழுவதையும் கொட்டிவிட்டேன். ரெட்டினா, வெள்ளை வெளிச்சம், இன்டர்வியூ. யாரிடமும் சொல்லாதே என்று அவள் கேட்டதைக்கூடச் சொன்னேன்.

கிரீஷ் முகம் அப்படியே இளகிவிட்டது. "அய்யோ பாவம். முன்னாடியே சொல்லக்கூடாதா? நான் பாத்துக்கறேன். விடுங்க, நான் பாத்துக்கறேன்."

வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. வரும் வழியில் ரேவதிக்கு ஜிலேபி வாங்கினேன். செருப்பும் தைத்தாயிற்று. நல்ல நாள்.

மார்ச் 11. வியாழன்

ஃபோல்டர் போட்டேன். அவள் பழைய ஃபைல் அழியவில்லை, ரெப்பாசிட்டரியில் நீக்கியதைத் திரும்ப எடுக்கலாம். பத்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எடுத்துப் போட்டாள். ஸ்க்ரீன் கருப்பானது. பெரிய மஞ்சள் எழுத்து.

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆய்த்து சார். இனிமே பாருங்க" என்றாள்.

மதியத்துக்குள் இரண்டு நாள் வேலையை முடித்தாள். நான் விட்ட ஒரு தப்பையும் பிடித்து, "சார், இது யார் எழுதினதுன்னு மெயில் போடலாமா?" என்றாள். டீம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

கிரீஷிடம் பேசியதை அவளிடம் சொல்லவில்லை. நல்லதாக முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 12. வெள்ளி

கிரீஷ் பத்மாவைக் கூப்பிட்டார். கண்ணாடி அறை. குரல் கேட்காது, முகம் தெரியும். அவர் பேசிக்கொண்டே இருந்தார், கையைத் தன் கண் பக்கம் காட்டிக் காட்டி. ரொம்பக் கனிவாக. பத்மா ஒரு தடவை மட்டும் திரும்பி வெளியே பார்த்தாள். என்னைத்தான்.

வேலை உறுதி. ஆனால் கோடு எழுத வேண்டாம். கண்ணுக்குச் சிரமம் இல்லாதபடி கீழ்த்தளத்தில் கையேடு எழுதும் டீமுக்கு மாற்றம். திங்கள் முதல்.

கிரீஷிடம் ஓடினேன். கண் சரியாகத்தான் இருக்கிறது, ஸ்க்ரீன் கருப்பாக இருந்தால் போதும், நேற்றைய வேலையைப் பாருங்கள் என்றேன். "குமரேசன், நல்லதுதான பண்ணியிருக்கோம்? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? விடுங்க" என்றார். ஹெச்.ஆரிடமும் சொல்லிவிட்டாராம். அக்கறையோடு.

பத்மா படிக்கட்டில் நின்றிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"என் ஃபைல எல்லாரும் பாக்குற எடத்துல வைக்கக்கூடாதுன்னு ரூல் போட்டது நீங்கதான சார்?"

"பத்மா, அவரு உங்கள வேலைய விட்டே அனுப்பறதா இருந்தாரு. அதனாலதான்..."

"ஃபைலத் தூக்கினீங்க. சரி. என் கண்ணை மட்டும் எப்படி சார் கொண்டுபோய் அங்க வெச்சீங்க?"

அவளுக்கு பஸ் வந்துவிட்டது. எனக்கும்தான் வந்தது. நான் ஏறவில்லை.

மார்ச் 13. சனி

லீவு. தலைவலி.

வேலை போகாமல் காப்பாற்றினேன் என்று எழுதிப் பார்த்தேன். அடித்தேன். அன்றைக்கு அந்த அறையில் நான் காப்பாற்றியது என்னைத்தான். அவள் கஷ்டத்துக்குக் காரணம் என் மெயில் என்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவள் கண் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

ரேவதியிடம் சொல்லவில்லை. இதையாவது.

டப்பாக்கள் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட்டன. அவளே மாற்றியிருக்கிறாள். நான் ஒட்டிய சீட்டுகளும் இல்லை.

மார்ச் 15. திங்கள்

சுட்டெரிக்கிற வெயில். ரோட்டோர மரங்களில் இலையே இல்லாமல் ரோஸ் கலர் பூ.

மதியம் கீழ்த்தளம் போனேன், ஏதோ மேனுவல் கேட்கிற சாக்கில். பத்மாவுக்கு அங்கே நிரந்தர சீட். இனி தினமும் அதே நாற்காலி, அதே மெஷின். மேலே இருந்த ஆறு மாசமும் அவளுக்குத் தேவைப்பட்டது இது ஒன்றுதான். இதைக் கொடுத்திருந்தால் அந்த ஃபைலை ரெப்பாசிட்டரிக்கு அவள் கொண்டுவந்தே இருக்க மாட்டாள்.

சீட் ஜன்னலோரம். "காத்தோட்டமா இருக்கும்னு ஸ்பெஷலா சொல்லிக் குடுத்தாங்க" என்று பக்கத்து சீட்டுக்காரி சொன்னாள். கண்ணாடி ஜன்னல், மேற்குப் பக்கம், திரை இல்லை. மதிய வெயில் முழுசும் ஸ்க்ரீன் மேல். கையேடு அடிக்கிற பக்கம் வெள்ளை. கோடு எடிட்டருக்கான அந்த ஃபைல் இங்கே எதற்கும் ஆகாது. நெற்றிக்கு மேல் கை.

அந்த டீமுக்கு அவள் கண் விஷயம் தெரியாது. சும்மா மாற்றல் என்றுதான் நினைக்கிறார்கள். பத்மாவும் சொல்லவில்லை.

என்னைப் பார்த்துவிட்டு ஸ்க்ரீன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 16. செவ்வாய்

அட்மின் மஹாதேவைப் பிடித்தேன். நாற்காலி, லைட், திரை எல்லாம் அவன்தான். கீழ்த்தள ஜன்னலுக்குக் கனமான திரை வேண்டும், இன்றைக்கே என்றேன்.

"யாரு சார் கேட்டது? ரீசன் போடணுமே."

வாய் வரைக்கும் வந்தது. நிறுத்தினேன்.

"நான்தான் கேட்டேன். எனக்குக் கண்ணு கூசுது."

"உங்க சீட்டு மேலதான சார்?"

"இனிமே கீழதான். அந்த ஜன்னல் பக்கத்துல. மேனுவல் ரிவ்யூ பண்ணணும்."

கிரீஷிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டுக்கொள்ளலாம்.

மஹாதேவ் டேப்பை எடுத்துக்கொண்டு கூடவே வந்தான். ஜன்னலை அளந்தான். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அளந்து முடித்து, என் முகத்துக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தான்.

"நோடி சார், பாருங்க, கண்ணு விஷயம். வெளையாட்டு இல்ல. டாக்டர்கிட்ட காட்டினீங்களா? எவ்ளோ நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

பத்மா திரும்பவில்லை. அவள் கீபோர்டு சத்தம் மட்டும் நின்றது.